சுமியே டீச்சர் கண்டம் கழித்தது

தெய்வத்தின் முன் நிற்கும்போது ஒருவருடைய குலம், படிப்பு, வளர்ப்பு, மூன்று தலைமுறையின் மானம் மரியாதை எல்லாமே ஒரே கணத்தில் வெளிப்பட்டுவிடும். சகாகி மரக்கிளையை இரு கையாலும் வாங்கி, வலப்புறமாகச் சுற்றித் திருப்பி, காம்பு சன்னதியைப் பார்க்கும்படி படைக்கும் கணம்தான் அது. காம்பைத் தன் பக்கம் வைத்துப் படைப்பவர் தெய்வத்துக்கே முதுகைக் காட்டியவர் ஆவார்.

இந்த மகாவாக்கியம் தொயாமா நகரில், ரோஸ் மேன்ஷன் என்ற பழைய கட்டடத்தின் 202ஆம் எண் வீட்டில், வியாழக்கிழமைதோறும் காலையில் சொல்லப்பட்டுவந்தது. சொல்பவர் முராகோஷி சுமியே. நன்னடத்தை வகுப்பு நடத்துகிறவர். சகாகிக் கிளை இரண்டு நாளில் வாடிவிடும் என்பதால் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் செடியிலிருந்து ஒடித்த கிளையை வைத்திருந்தார். அதில் ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவயதுப் பெண்மணிகள் வரிசையில் நின்று, கண்களைத் தாழ்த்தி, அந்த எலுமிச்சம்பழத்தைப் பயபக்தியோடு டி.வி. பெட்டிக்குப் படைத்துப் பழகினார்கள்.

சுமியேவுக்கு ஊரறிந்த வயது ஐம்பத்துநான்கு. அந்த ஐம்பத்துநான்கும் உண்மைதான். அதற்கு மேலே இருந்த ஆறை மட்டும் அவர் சொல்வதில்லை.

வயதைக் குறைப்பது லேசான காரியம் இல்லை. பிறந்த வருஷம் மாறினால் அந்த வருஷத்துக்குரிய மிருகமும் மாறிவிடுகிறது. பாம்பு வருஷத்தில் பிறந்த சுமியே, ஆறு வயதை உதறிய அன்றே காட்டுப்பன்றி வருஷத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அது தெரிந்த மாணவிகள் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பன்றி பொம்மையாக வாங்கிவந்து குவித்தார்கள். பீங்கான் பன்றி, பட்டுத்துணிப் பன்றி, வயிற்றுக்குள் மணி குலுங்கும் பன்றி என்று அலமாரி நிறைந்துவிட்டது. "பன்றி வருஷத்துல பொறந்தவங்களுக்கு மனசுல ஒண்ணையும் ஒளிக்கத் தெரியாது டீச்சர்" என்று சலவைக்கடை சகுமா ஒவ்வொரு வருஷமும் பாராட்டுவார். சுமியே அடக்கமாகத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொள்வார். குனிகிற கோணம்கூட வகுப்பில் சொல்லிக்கொடுத்த கோணம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பாம்பு வருஷம் வந்து சேர்ந்தது. பிறந்ததையே ஒன்று என்று எண்ணும் கோயில் கணக்கில் சுமியேவுக்கு அறுபத்தொன்று. பெண்களுக்கு அது கண்டம்.

சுமியே இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் புத்தாண்டு காலையில் சூப்பில் மிதந்த மோச்சி என்ற அரிசி உருண்டையைக் கடித்தபோது முன்பல்லின் உறை கழன்று சூப்போடு உள்ளே இறங்கியது. நல்ல பல் டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார். மாணவி கனேமருவின் கணவர். அவரிடம் போனால் காப்பீட்டு அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் பிறந்த தேதி இருக்கிறது. ஆகவே சுமியே வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ரயிலேறி அடுத்த ஊர் டாக்டரிடம் போனார். திரும்பி வந்தால் குளியலறையில் வெந்நீர்க் கருவி செத்துப்போனது, அதுவும் தலையில் ஷாம்பூ நுரை பொங்கிய பிறகு. அந்த வாரமே படிக்கட்டில் சறுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே யோசித்தார். மாதம் முடிவதற்குள் கோயிலுக்குப் போய்க் கண்டத்தைக் கழித்துவிடுவது என்று முடிவாயிற்று.

உள்ளூர்க் கோயில் சரிப்படாது. அங்கே பூசாரியின் மனைவியே மாணவி. கடற்கரையோரம் அமிஹாமா என்றொரு மீன்பிடி ஊர். அங்கே ஒரு கோயில் இருக்கிறது. தன்னைத் தெரிந்த நாய்கூட அங்கே கிடையாது. சுமியே போன் செய்தார். எடுத்தது கோயிலில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

"பேரு, விலாசம், வயசு சொல்லுங்கம்மா. சாமிகிட்ட அப்படியே படிச்சுச் சொல்லணும்."

"விலாசம் எதுக்கும்மா?"

"எந்த வீட்டைக் காப்பாத்தணும்னு சாமிக்குத் தெரிய வேண்டாமா?"

நியாயம்தான். கண்டம் 202இல் இருக்க, காவல் 302க்குப் போய் நின்றால் என்ன லாபம்? விலாசத்தை உள்ளபடி சொன்னார். வயதையும், வாயைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு, உள்ளபடி சொன்னார். பெயர் என்று வந்தபோதுதான் நாக்கு தடுமாறியது. வாசலில் கனேமரு போன வாரம் மறந்துவிட்டுப்போன குடை சாய்ந்திருந்தது. கைப்பிடியில் பெயர்ச்சீட்டு தொங்கியது.

"கனேமரு நோபுயோ" என்றார் சுமியே.

கேட்ட மூன்றில் இரண்டுக்கு உண்மை சொல்லியாயிற்று. போனை வைத்தபோது தன் நேர்மையைப் பற்றி அவருக்கு மனநிறைவே இருந்தது.

மாணவிகளுக்கு வேறு செய்தி போயிற்று: கியோத்தோவில் நன்னடத்தை ஆசான்களின் மாநாடு, டீச்சர் உரையாற்றுகிறார், இந்த வியாழன் வகுப்பு இல்லை.

அமிஹாமாவில் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. சாம்பல்நிற கிமோனோவில் சுமியே கோயில் தோரணவாயிலின் முன் குனிந்தார். நடுப்பாதை தெய்வத்தின் பாதை என்பதால் ஓரமாகவே நடந்தார். ஓரத்தில்தான் பனிச்சேறு அதிகம். நீர்த்தொட்டியில் அகப்பை எடுத்து இடக்கை, வலக்கை, வாய், மறுபடி இடக்கை, கடைசியில் அகப்பையின் காம்பு என்று வரிசை பிசகாமல் கழுவினார். யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு குறைதான். காத்திருப்பு அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அமர்ந்து, முதுகை நாற்காலியில் சாய்க்காமல், முதுகெலும்பை ஒரு பாடம்போல நிமிர்த்திவைத்துக்கொண்டார்.

வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் பேச்சுச் சத்தம் கொட்டியது.

"நண்டு சாப்பிட்டுட்டு சாமி கும்பிடலாமா, சாமி கும்பிட்டுட்டு நண்டு சாப்பிடலாமா, எது முறைன்னு டீச்சர் இருந்தா சொல்லியிருப்பாங்க."

"டீச்சர் இருந்தா நண்டையே சாப்பிட விட்டிருக்க மாட்டாங்க அக்கா. ஓடு உடைக்கிற சத்தம் கேக்கக் கூடாதும்பாங்க."

சுமியேவின் முதுகெலும்பு வளைந்தது. தெரிந்த குரல்கள். நண்டுப் பருவம், கைக்கு வந்த ஓய்வு வியாழக்கிழமை, ஒரு நாள் சுற்றுலா பஸ். சன்னதிக்குள் போய் முறைப்படி வழிபடுவதும் சுற்றுலாவில் சேர்த்தி. வருஷத்துக்கு ஒருமுறையாவது அப்படி வழிபட வேண்டும் என்று அவர்களைப் படுத்தியெடுத்ததே சுமியேதான்.

கதவு நகர்ந்தது. முதலில் சகுமா, அறுபத்தாறு வயது, அதை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பின்னால் குடைக்குச் சொந்தக்காரி கனேமரு. அவர்களுக்குப் பின்னால் வகுப்பில் பாதிப் பேர்.

"டீச்சர்!"

"வாங்க, வாங்க" என்றார் சுமியே, தானே கோயிலைக் கட்டியவர்போல. "கியோத்தோ பக்கம் பனி. மாநாடு தள்ளிப்போயிடுச்சு. அதான் இந்தப் பக்கத்து வழிபாட்டு முறையை ஆராயலாம்னு."

"கியோத்தோவுல வெயில் அடிக்குதுன்னு பஸ் டி.வி.யில சொன்னானே?" என்றார் சகுமா.

"ஊருக்குள்ள வெயில். மாநாடு மலை மேல."

கனேமரு கைகளைச் சேர்த்துக்கொண்டார். "என்ன பாக்கியம் பாருங்க! நிஜச் சன்னதியில, நிஜக் கிளையில டீச்சர் செஞ்சு காட்டப் போறாங்க! எலுமிச்சம்பழம் இல்லாம!"

"இதோ வந்துட்டேன்" என்று எழுந்த சுமியே, மெல்ல நடந்து கதவைத் தாண்டி, தாண்டியதும் ஓடினார்.

பூசாரி ஹொசாகா வெள்ளை உடையில், சன்னதியின் பக்கவாசலில் நின்று தொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். சதைப்பிடிப்பான, நிதானமான மனிதர்.

"ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். என் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரல்ல படிக்க முடியுமா?"

"தாழ்ந்த குரலா? அந்தக் கவலையே வேண்டாம்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலைன்னு போன வருஷம் புகார் வந்துச்சு. பையன் மைக் போட்டுக் குடுத்திருக்கான்."

"அப்போ வயசை மட்டும்... கோயில் கணக்குல ஐம்பத்தஞ்சுன்னு படிச்சுடலாமா?"

பூசாரி தொப்பிக் கயிற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "ஐம்பத்தஞ்சுல பொம்பளைங்களுக்குக் கண்டமே இல்லையேம்மா. இல்லாத கண்டத்தை நான் எப்படிக் கழிக்கிறது? சாமி என்னைப் பைத்தியக்காரன்னு நினைக்காதா?"

"வயசே சொல்லாம விட்டா?"

"எத்தனையாவது கண்டம்னு சாமி கேட்டா?"

"சரி, விட்டுடுங்க. எனக்கு வேண்டவே வேண்டாம். ரத்து பண்ணிடுங்க."

சொல்லி வாய் மூடவில்லை. கூரையில் சேர்ந்திருந்த பனிப்பாளம் சறுக்கி, வாசலுக்கு வெளியே, சுமியே சற்று முன்பு ஓடி வந்த இடத்தில் தொம்மென்று விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"படிச்சுடுங்க" என்றார் சுமியே.

ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. பூசாரி ஓதுவது ஆதிகாலத்து மொழி. அது ஓதுகிற பூசாரிக்கே பாதிதான் புரியும். அதோடு, அவருடைய மாணவிகள் எதையாவது காதுகொடுத்துக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

எல்லோரும் சன்னதிக்குள் தாழ்வான முக்காலிகளில் வரிசையாக அமர்ந்தார்கள். நடுவில், எல்லோரும் பார்க்கும்படி, சுமியேவை உட்காரவைத்தார்கள். முரசு முழங்கியது. வெள்ளைக் காகிதக் கொத்து கட்டிய கோலை உதவிப் பூசாரி தலைகளுக்கு மேலே சரக் சரக்கென்று ஆட்டினான். சுமியே குனிந்தார். மாணவிகள் ஓரக்கண்ணால் பார்த்து அதே அளவு குனிந்தார்கள்.

பூசாரி சன்னதியைப் பார்த்து ஓதத் தொடங்கினார். மைக் அருமையாக வேலை செய்தது. முதலில் பஸ்காரர்கள் முறை: நண்டு உண்ண வந்த நல்லோர் குழாம், பனி படர்ந்த பெருவழியில் இடரின்றி இல்லம் திரும்புக. பிறகு புதிதாக வாங்கிய ஒரு மீன்பிடிப் படகு. சகுமாவின் தலை தொங்க ஆரம்பித்தது. சுமியேவுக்கு மூச்சு சீராயிற்று. ஆதிகாலத்து மொழி வாழ்க.

"அஞ்சி அஞ்சிப் பணிந்து உரைக்கின்றோம்" என்று பூசாரி இழுத்தார். "தொயாமா மாநகரின்கண், சகுராகித் திருவீதியில், ரோஸ் மேன்ஷன் எனும் மாளிகையின் இருநூற்றிரண்டாம் இல்லத்தில் உறைபவளும்..."

எந்த மொழியில் ஓதினாலும் ரோஸ் மேன்ஷன் ரோஸ் மேன்ஷன்தான் என்பதைச் சுமியே யோசித்திருக்கவில்லை.

சகுமாவின் தலை நிமிர்ந்தது.

"...அறுபத்தோர் அகவை எய்தியவளும் ஆகிய, கனேமரு நோபுயோ எனும் நங்கையை, இவ்வாண்டின் கண்டம் அணுகாது காத்தருள்க..."

"யாரு?" என்றார் கனேமரு. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"உஷ்!" என்றார் சகுமா.

"அக்கா, எனக்கு நாற்பத்தெட்டு! மே மாசம் வந்தாத்தான் நாற்பத்தெட்டே!"

"சாமி முன்னாடி என்னடி சண்டை? இருந்தாலும் நல்லாத்தான் இருக்கே, அறுபத்தொண்ணுக்கு."

"அக்கா! அந்த விலாசம் என்னோடது இல்ல. அந்த விலாசத்துல..." கனேமருவின் குரல் பாதியில் நின்றது. வியாழக்கிழமைதோறும் மூச்சிரைக்க ஏறுகிற மாடிப்படி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் பிறரை உற்றுப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எல்லோருடைய கழுத்தும் ஒரே நேரத்தில் விறைத்ததைச் சுமியே உணர்ந்தார்.

ஓதுதல் முடிந்தது. பஸ்காரர்கள் சார்பில் ஓட்டுநர் கிளை படைத்தார். படகுக்காரர் படைத்தார். உதவிப் பூசாரி மூன்றாவது கிளையைக் கையில் ஏந்திக்கொண்டு அழைத்தான்.

"கனேமரு நோபுயோ அவர்கள் முன்னே வரவும்."

யாரும் அசையவில்லை.

"கனேமரு நோபுயோ அவர்கள்."

கனேமரு நல்ல வளர்ப்பில் வந்த பெண். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அதுவும் சாமி முன்னால் மைக்கில் கூப்பிட்டால், எழுந்து போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது. முகம் சிவக்க முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

சுமியே கண்களை மூடாமலே இனி நடக்கப்போவது எல்லாவற்றையும் பார்த்தார். கனேமரு போய்க் கிளையைப் படைத்துவிட்டால் பேச்சு அதோடு போயிற்று. ஏதோ குழப்பம், கோயில்காரர்கள் தவறு என்று பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம். அலமாரிப் பன்றிகள் அலமாரியிலேயே இருக்கலாம். ஆனால் கண்டம் கழிவது கிளையைப் படைத்தவருக்கு. இந்த நாற்பத்தெட்டு வயதுக்காரி, கண்டமே இல்லாத கட்டை, சுமியேவின் காவலையும் வாங்கிக்கொண்டு நண்டு சாப்பிடப் போய்விடுவாள். சுமியே தன் கண்டத்தோடு தனியாக 202க்குத் திரும்ப வேண்டும். வெந்நீர்க் கருவியைப் புதிதாக மாற்றியாயிற்று. ஆனால் வாயில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பற்கள் பாக்கி இருந்தன.

கனேமரு முழுக்க எழுந்து ஓரடி வைத்தார்.

"உக்காரும்மா" என்றார் சுமியே. "அது நான்தான்."

வரிசை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. சகுமா மட்டும் வெளியே விட்டார்.

சன்னதிக்கு முன்னால் போனது எப்படி என்று சுமியேவுக்குப் பிறகு நினைவில்லை. கைகளில் கிளை இருந்தது. எலுமிச்சம்பழம் இல்லாத கிளை கனமே இல்லாமல் இருந்தது. தாழ்வான மேஜையில் அதை வைத்தார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிந்தார். குனிந்தபடி, காலம் கடந்துவிட்டாலும் மரியாதைக்காக, தன் சரியான பெயரைத் தெய்வத்தின் காதில் போட்டார்.

வழிபாடு முடிந்து வெளிமண்டபத்தில் சிவப்புக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு வாய் சாக்கே அரிசிமது ஊற்றினார்கள். யாரும் வயதைப் பற்றிப் பேசவில்லை. பனியைப் பற்றிப் பேசினார்கள். அடுப்பைப் பற்றிப் பேசினார்கள். அமிஹாமா நண்டின் காலைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். அவ்வளவு மரியாதையைச் சுமியேவால் தாங்க முடியவில்லை; அவர் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் இத்தனை நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை.

கடைசியில் கனேமரு பக்கத்தில் வந்தார். "டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா" என்றார் சுமியே, எதற்கும் தயாராகி.

"என் பேர் எழுதின குடை உங்க வீட்டுலதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப சரி." கனேமரு கிண்ணத்தைக் காலி செய்தார். "நாற்பத்தெட்டுன்னு பூசாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். சாமி கணக்குல தப்பா இருந்துடப் போகுது."

சகுமா வந்து சுமியேவின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "எனக்கும் அந்த அறுபத்தொண்ணு வந்துபோச்சு டீச்சர். அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வீட்டுல வந்து உக்காந்தாரு. இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்காரு. கழிக்காம விட்டது என் தப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அலமாரியில இருக்கிற பன்றிங்களை என்ன செய்யப்போறீங்க? என் பேத்தி நிஜமாவே பன்றி வருஷம்."

"எடுத்துக்கோங்க" என்றார் சுமியே.

மனசு லேசாகிவிட்டது. சாக்கே வயிற்றில் இறங்கி இதமாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருஷம் என்றுகூடத் தோன்றியது. வயது போனால் போகட்டும். வயது ஒரு எண். முறை தெரிந்தவர் என்ற பெயர் இருக்கிறதே, அது எண்ணில் அடங்காதது. முதுகெலும்பு மீண்டும் நிமிர்ந்தது. சன்னதிப் பக்கம் கையைக் காட்டி, பழைய குரலிலேயே ஆரம்பித்தார்.

"எல்லாரும் கவனிச்சீங்களா? வயசோ பேரோ முக்கியமில்ல. அந்த ஒரு கணத்துல கை எப்படித் திரும்புதுங்கிறதுதான் ஒருத்தரோட..."

"டீச்சர்" என்றார் கனேமரு, சன்னதியை எட்டிப் பார்த்தபடி. "மூணு கிளையில அந்தக் கடைசிக் கிளையோட காம்பு மட்டும் நம்ம பக்கம் பார்த்துட்டிருக்கே?"

எல்லோரும் பார்த்தார்கள். பஸ் ஓட்டுநரின் கிளை சரியாக இருந்தது. படகுக்காரரின் கிளையும் சரியாக இருந்தது.

"இந்தப் பக்கத்துல அப்படித்தான்" என்றார் சுமியே. "கடலோரக் கோயில் முறை. இதை ஆராயத்தான் வந்தேன்."

உதவிப் பூசாரி உள்ளே போய், மேஜை முன்னால் குனிந்து, அந்த ஒரு கிளையை மட்டும் திருப்பி வைத்துவிட்டு வந்தான்.